உங்களுக்கு முன்னால் அந்த வேலையை யார் செய்தார்கள்?

வெளிநாட்டில் தன்னார்வலராகப் போக விரும்பும் மாணவர்களின் விண்ணப்பங்களைப் படிப்பது இப்போது என் வேலையில் ஒரு பகுதி. மாணவியாக இருந்தபோது நானும் அப்படி ஒரு விண்ணப்பம் எழுதிப் போனவள்தான், அதனால் போகிறவர் பாடும் தெரியும், வரவேற்கிறவர் பாடும் தெரியும். விண்ணப்பங்கள் நல்ல மனதோடுதான் எழுதப்படுகின்றன, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: எந்த நாடு என்பது முதல் வரியிலேயே வந்துவிடும், என்ன வேலை என்பது கடைசி வரி வரைக்கும் வராது. ஏழைகளுக்கு உதவ ஆசை, புதிய பண்பாட்டை அறிய ஆசை, வாழ்க்கையில் ஒரு அனுபவம் என்றெல்லாம் இருக்கும். சரி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே போய் நின்று என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

இதை மாணவர்களின் குறையாகச் சொல்லவில்லை. ஆள் சேர்க்கும் நிறுவனங்கள் பலவும் இதை அப்படித்தான் விற்கின்றன. நாட்டைத் தேர்ந்தெடு, எத்தனை வாரம் என்று தேர்ந்தெடு, கற்பித்தல், குழந்தைகள், விலங்குகள் என்று இருப்பதில் ஒன்றைத் தட்டு, பணத்தைக் கட்டு, முடிந்தது. அந்த ஊரில் இந்த வேலையை இத்தனை நாளாக யார் செய்தார்கள், நீங்கள் கிளம்பிய மறுநாள் யார் செய்வார்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. என்னைக் கேட்டால் போகலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய இந்த ஒரு கேள்வியே முக்கால்வாசி போதும்.

நான் போனது கம்போடியாவுக்கு, சியம் ரீப் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமம். அந்த நாட்டில் பல அரசுப் பள்ளிகளில் காலையில் ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு என்று முறை வைத்துத்தான் பாடம் நடக்கிறது. பிள்ளைகளுக்கு மீதி இருக்கிற அரை நாளில் தொண்டு நிறுவனங்கள் ஆங்கில வகுப்பு நடத்தும், அப்படியொரு வகுப்பு அது. தகரக் கூரை, பாதி உயரச் சுவர். மழை பிடித்துக்கொண்டால் கூரைச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது, நிற்கும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். முதல் வகுப்பில் நிறங்கள் அச்சடித்த அட்டையைப் பையிலிருந்து எடுத்தேன். பாதி வெளியே வருவதற்குள் மொத்த வகுப்பும் ‘ரெட், ப்ளூ, யெல்லோ’ என்று வரிசை பிசகாமல் ஒப்பித்து முடித்துவிட்டது. உடல் உறுப்புகளும் அப்படியே. மூலையில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தால் அதே நிற அட்டை, அதே எழுத்து அட்டை, வெவ்வேறு நாட்டு அச்சில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. எனக்கு முன்னால் வந்த ஒவ்வொருவரும் ஆசை ஆசையாக வாங்கி வந்து, முதல் பாடத்தை முதலிலிருந்து நடத்தி, விட்டுப்போனவை. மூன்றாவது வாரப் பாடம் என்று ஒன்று அந்தப் பிள்ளைகளுக்கு வந்து சேரவே இல்லை. என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எப்போது திரும்பிப் போவேன் என்று கேட்டார்கள், வருத்தமெல்லாம் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மாதிரி.

அந்த வகுப்புக்கு உள்ளூர் ஆசிரியை ஒருவர் ஏற்கெனவே இருந்தார், ‘நெக் க்ரூ’ என்று பிள்ளைகள் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். வெளிநாட்டு ஆள் வந்துவிட்டால் அவர் கடைசி பெஞ்சுக்குப் போய்விட வேண்டும் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு. கொஞ்சம் பழகிய பிறகு அவரே ஒருநாள் சொன்னார், நீங்களெல்லாம் வரும்போது என் பாடம் நின்றுபோகிறது, நீங்கள் போனதும் எங்கே விட்டேன் என்று தேடிப் பிடித்து மறுபடி ஆரம்பிக்கிறேன் என்று. குரலில் கோபமே இல்லை. அதன்பிறகு ஏற்பாட்டை மாற்றிக்கொண்டோம். வகுப்பு அவருடையது, நான் பின்னால். மற்ற நேரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து உச்சரிப்பு, வினாத்தாள், அடுத்த வாரத்துக்கு வேண்டிய வாக்கியங்கள் என்று பார்ப்போம். படம் எடுத்து ஊருக்குக் காட்ட அதில் ஒன்றுமே இல்லை, ஆனால் பாடம் நகர்ந்தது.

அதனால், ஒரு நிறுவனத்திடம் பேசும்போது வேலை விவரத்தை எழுத்தில் கேளுங்கள். அன்றாடம் என்ன வேலை, எனக்கு மேலே பொறுப்பு யார், எனக்கு முன்னால் இதைச் செய்தவர் விட்டுப்போன குறிப்பு இருக்கிறதா, உள்ளூரில் சம்பளத்துக்கு இதைச் செய்ய ஆள் இல்லையா? கடைசிக் கேள்விதான் முக்கியம். பள்ளிக்கூடம் கட்டப் போகிறோம் என்று மாணவர்களைக் கூட்டமாக அழைத்துப் போகிறார்கள், அதில் ஒருவரும் ஒரு செங்கல்லைக் கூட நேராக வைத்துப் பழகாதவர்கள். அதே ஊரில் கொத்தனார் வேலையில்லாமல் இருப்பார், இவர்களுடைய விமான டிக்கெட் காசில் அவருக்குப் பல மாதக் கூலி கொடுத்திருக்கலாம். உங்கள் ஊரில் யாரும் நம்பி உங்களிடம் கொடுக்காத வேலையை, பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழுந்ததும் செய்யத் தெரிந்துவிடாது.

காலமும் அப்படித்தான். உங்கள் விடுமுறையை வைத்துத் தேதி பார்க்கிறீர்கள், அவர்களுக்கு எப்போது ஆள் தேவை என்று யார் பார்ப்பது? கம்போடியாவில் பள்ளிகளின் நீண்ட விடுமுறை மழைக்காலத்தில்தான் வரும், அப்போது பள்ளி பூட்டியிருக்கும். மேற்கத்திய நாடுகளின் கோடை விடுமுறையில் மாணவர்கள் கூட்டமாக வந்து இறங்குவதும் அந்த மழைக்காலத்தில்தான். நடவு வேலை, பிள்ளைகள் வயலில் இருப்பார்கள்.

இன்னொன்று, எவ்வளவு காலம் என்பது. பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசின் தன்னார்வலர் திட்டம் 1961ல் தொடங்கியது, அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமானது, அதில் வழக்கமான பணிக்காலம் 27 மாதம், முதல் மூன்று மாதம் மொழியும் வேலையும் கற்றுக்கொள்ளவே போய்விடும். அந்த மூன்று மாதத்தை வீண் என்று யாரும் அங்கே நினைப்பதில்லை. அதற்காக இரண்டு வாரம் போனால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன், இரண்டு வாரத்துக்கென்றே திட்டமிட்ட வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற இயக்கம் 1920ல் இருந்து இதைச் செய்கிறது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, பிரான்ஸில் வெர்டன் பக்கம் நொறுங்கிக் கிடந்த ஒரு கிராமத்தைச் சீர்படுத்த ஸ்விட்சர்லாந்துக்காரர் பியர் செரசோல் பல நாட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார், அதில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். இன்றைக்கும் அவர்களுடைய முகாம்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான். பாதை அமைப்பது, தோட்ட வேலை, விழா ஏற்பாடு என்று கை அதிகம் தேவைப்படுகிற, தொடர்ச்சி அறுந்தாலும் கெட்டுப்போகாத வேலைகள். குறுகிய காலம்தான் இருக்கிறது என்றால் இந்த மாதிரியான ஒன்றைத் தேடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். அநாதை இல்லத்தில் தன்னார்வத் தொண்டு என்று எவ்வளவு நல்ல பெயருள்ள நிறுவனம் அழைத்தாலும் போகாதீர்கள். 2005லிருந்து 2010க்குள் கம்போடியாவில் அநாதை இல்லங்களின் எண்ணிக்கை சுமார் 75 சதவீதம் கூடியது. அந்த அளவுக்கு அநாதைகள் பெருகிவிடவில்லை, பெருகியது பார்க்க வருகிறவர்கள். அங்கே இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததை யுனிசெஃப் அப்போதே சொன்னது. சோறும் படிப்பும் கிடைக்கும் என்று நம்பி ஏழைப் பெற்றோரே அனுப்பி வைத்த பிள்ளைகள் ஏராளம். நேபாளத்திலும் இதே கதைதான், இல்லங்கள் காத்மாண்டு, போக்ரா, சித்வான் பக்கமாகக் குவிந்திருந்தன. வறுமை எங்கே கடுமையோ அங்கே இல்லை, பயணிகள் எங்கே வருவார்களோ அங்கே. பார்க்கவும் பணம் கொடுக்கவும் ஆள் வந்துகொண்டே இருந்தால், காட்டுவதற்குப் பிள்ளைகளும் வேண்டியிருக்கிறார்கள் என்பதுதான் இதன் கணக்கு.

அன்பு காட்டத்தானே போகிறேன், அதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் வாசலில் நுழைந்ததுமே முன்பின் தெரியாத உங்களிடம் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் மூன்று வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். பார்க்க அழகாக இருக்கும். வீட்டில் வளரும் மூன்று வயதுக் குழந்தை புதியவரைக் கண்டால் அம்மாவின் பின்னால்தான் ஒளியும். யாரிடமும் போய்விடுகிற அந்தப் பழக்கம், பற்றிக்கொள்ள நிலையான ஒருவர் இல்லாமல் வளர்ந்ததற்கான அறிகுறி என்று குழந்தை மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முகம் வந்து கொஞ்சிவிட்டுக் காணாமல் போவது அந்தக் காயத்தை ஆற்றாது. 2018ல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, அநாதை இல்லங்களுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதையும் அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இப்படிப்பட்ட தன்னார்வச் சுற்றுலாவால் பிள்ளைகளுக்கு ஏற்படும் தீங்கைத் தன் தீர்மானத்தில் குறிப்பிட்டது. ஆக இது என் தனிப்பட்ட பிடிவாதம் இல்லை.

பள்ளி, விளையாட்டு முகாம் என்று பிள்ளைகளோடு பழக வேண்டிய வேறு எந்த வேலையாக இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். உங்களிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்களா? முன்பு உங்களோடு வேலை செய்த ஒருவரிடம் விசாரித்தார்களா? இதெல்லாம் கேட்கவில்லை, பணம் கட்டியதும் நேராக வகுப்பறைக்குள் விட்டுவிட்டார்கள் என்றால், சந்தோஷப்பட வேண்டாம். உங்களை விசாரிக்காதவர்கள் உங்களுக்கு முன்னால் வந்தவரையும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

அடுத்து பணம். தன்னார்வலர் எதற்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று கோபப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டணம் வாங்குவதே மோசடி என்று சொல்ல முடியாது. உங்களைத் தங்கவைக்க வேண்டும், சாப்பாடு போட வேண்டும், மொழிபெயர்க்க ஒருவர் கூடவே வர வேண்டும், காய்ச்சல் வந்தால் இரவு இரண்டு மணிக்கு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்தச் செலவை அந்த ஏழை ஊர் ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் அநியாயம். ஆனால் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது, எவ்வளவு ஆள் சேர்க்கும் அலுவலகத்திலேயே நின்றுவிடுகிறது என்று கேட்டால் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிர்வாகச் செலவு, பிற செலவு என்று மழுப்பினால் விலகிவிடுங்கள். கட்டணத்தில் இன்னொரு சிக்கல், பணம் கட்டியவர் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். வாடிக்கையாளரைச் சும்மா உட்காரவைக்க முடியாது. போன மாதம் ஒரு குழு வண்ணம் பூசிய சுவருக்கே இந்த மாதம் இன்னொரு குழுவை விட்டு வண்ணம் பூசவைத்த இடத்தை நானே பார்த்திருக்கிறேன். சுவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

கையில் பணம் இல்லாத மாணவர்கள் முதலில் செலவை ஏற்கும் திட்டங்களைத் தேட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐரோப்பியன் சாலிடாரிட்டி கோர் என்ற திட்டத்தில் 18 முதல் 30 வயது வரையிலானவர்கள் சேரலாம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் என்று கொடுப்பார்கள், பயணச் செலவுக்கும் உதவுவார்கள். ஆனால் எந்தெந்த நாட்டில் வசிப்பவர்கள் சேரலாம் என்ற பட்டியல் உண்டு, அதை முதலில் பாருங்கள். ஜெர்மனியின் பான் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு, வெளிநாட்டுக்கு அனுப்பும் இளம் தன்னார்வலர்களுக்கு வாழ்க்கைப்படி கொடுக்கிறது. ஆள் எடுக்கும் எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் வாங்குவதில்லை. ஐ.நா. பெயரைச் சொல்லி விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அது ஏமாற்று வேலைதான், யோசிக்கவே வேண்டாம். அதே அமைப்பு இணையம் வழியாகவும் தன்னார்வலர்களை எடுக்கிறது, 18 வயது ஆகியிருந்தால் போதும், வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவு வேலை என்று செய்யலாம். விமானம் ஏறாமல் என்ன தொண்டு என்று நினைக்காதீர்கள், சொன்ன தேதிக்குச் சொன்ன வேலையை முடித்துக் கொடுக்கிறவரா நீங்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

விசா பற்றி மாணவர்கள் அதிகம் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ‘டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று சில நிறுவனங்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும். தாய்லாந்தில் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலைக்கும் வேலை அனுமதி தேவை என்பது நெடுநாளைய நிலைப்பாடு. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளத்தோடோ சம்பளமில்லாமலோ வேலை செய்யக் கூடாது. தான்சானியாவில் தன்னார்வலர்களுக்கென்று தனியாக வசிப்பு அனுமதி உண்டு. பிரிட்டனில் அறக்கட்டளைப் பணிக்கென்றே ஒரு விசா, 12 மாதம் வரைக்கும். விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் பக்கத்தில் நேரடியாகப் பாருங்கள், ஆள் சேர்க்கும் நிறுவனத்தின் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். மாட்டினால் அபராதமோ நாடு கடத்தலோ உங்களுக்குத்தான், அவர்களுக்கு இல்லை. அதுவும் மாணவர்களுக்கு இது பின்னால் உதைக்கும், மேல்படிப்புக்கு விசா கேட்கும்போது இதற்கு முன் எங்காவது நுழைவு மறுக்கப்பட்டதா, வெளியேற்றப்பட்டீர்களா என்று படிவத்தில் கேள்வி இருக்கும். இன்னொரு விஷயம், பாதுகாப்பாக வைக்கிறோம் என்று சொல்லி உங்கள் பாஸ்போர்ட்டை யார் வாங்கினாலும் கொடுக்காதீர்கள். பதிவு செய்ய வேண்டுமென்றால் நகல் போதும், காட்ட வேண்டுமென்றால் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

உடல்நலத்தில் பலர் கடைசி வாரத்தில்தான் விழித்துக்கொள்வார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமான முறையில் மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும், அதன்பின் வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகள் பலவற்றுக்குப் போகவும் சில சமயம் அங்கிருந்து வேறு நாட்டுக்குள் நுழையவும் அது வேண்டும். மலேரியா மாத்திரையை ஊர் திரும்பிய அன்றோடு நிறுத்திவிடுகிறார்கள், அது தப்பு, மாத்திரையைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். கிராமப்பக்கம் போனால் நாய்க்கடியை மறக்காதீர்கள். கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், பிறகு ஊசி. முன்கூட்டியே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டு போவது நல்லது, காரணம் கடிபட்ட பின் தேவைப்படும் இம்யூனோகுளோபுலின் மருந்து பல ஊர்களில் கிடைப்பதில்லை, முன்பே ஊசி போட்டவருக்கு அந்த மருந்து தேவைப்படாது.

காப்பீட்டில் என்னென்னவற்றுக்குப் பணம் கிடைக்காது என்ற பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் உடலுழைப்பு வேலை, ஏணி மேல் ஏறும் வேலை எல்லாம் விலக்கு. உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் பொதுவாக ஒரு பைசா வராது. தென்கிழக்கு ஆசியாவில் வாடகை ஸ்கூட்டர் எளிதாகக் கிடைக்கும், கடைக்காரர் உரிமத்தைக் கேட்கவே மாட்டார், நான் பார்த்த அடிகளில் முக்கால்வாசி அதில் விழுந்து பட்டதுதான். அவசரத்துக்கு வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவும் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரிய செலவு அதுதான்.

மருத்துவம், செவிலியர் படிப்பு மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் கிராம மருத்துவமனையில் உங்களைத் தையல் போடச் சொல்வார்கள், பிரசவம் பார்க்கச் சொல்வார்கள், சில திட்டங்கள் அதையே சொல்லி ஆசை காட்டும். உங்கள் ஊரில் செய்ய அனுமதியில்லாத எதையும் அங்கே செய்யாதீர்கள். நோயாளிக்கு உங்கள் வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் இருப்பது இரண்டாம் ஆண்டு மாணவர் என்று தெரியாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே இதற்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, தகுதிக்கு மீறிச் செய்த சிகிச்சை பின்னாளில் கல்லூரி விண்ணப்பத்துக்கே எதிராகத் திரும்பலாம் என்று எச்சரிக்கிறது.

விலங்குகள் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், கட்டிப்பிடித்துப் படம் எடுக்க விடுகிற இடம் காப்பகம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் தாயில்லாத சிங்கக்குட்டிக்குப் பால் புகட்டுங்கள் என்று தன்னார்வலர்களிடம் பணம் வாங்கிய பண்ணைகளில், குட்டியைத் தாயிடமிருந்து பிரித்ததே அவர்கள்தான். வளர்ந்த பிறகு வேலிக்குள் விட்டுச் சுடுகிற வேட்டைக்கு விற்பதும் நடந்தது. கோஸ்டாரிக்காவின் டோர்டுகேரோ கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காப்பவர்களோடு வேலை செய்வது இதற்கு நேர் எதிர். ராத்திரி மணலில் மணிக்கணக்காக நடை, வெள்ளை வெளிச்சம் கூடாது, சிவப்பு விளக்கு மட்டும், ஆமை கிடைத்தால் அளவு எடுக்க வேண்டும், முட்டை எண்ண வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும். பல இரவுகள் ஒன்றும் வராது. அலுப்பாக இருக்கிறதா? நம்பகமான வேலை பெரும்பாலும் அலுப்பாகத்தான் இருக்கும்.

பேரிடர் நடந்த இடத்துக்கு உடனே கிளம்பாதீர்கள். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு காத்மாண்டுவில் இருந்த ஒரே ஓடுபாதையில் விமானங்கள் இறங்க இடமில்லாமல் வானத்தில் வட்டமடித்தன, ஓடுபாதை சேதமாகிப் பெரிய விமானங்களை நிறுத்தியும் வைத்தார்கள். அந்த நேரத்தில் பயிற்சியில்லாத ஒரு மாணவர் வந்து இறங்கினால் குடிக்கத் தண்ணீர் வேண்டிய இன்னொரு ஆள், அவ்வளவுதான். 2010ல் ஹெய்ட்டி நிலநடுக்கம் முடிந்த சில வாரத்துக்குள் 33 பிள்ளைகளை அநாதைகள் என்று சொல்லி எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்த அமெரிக்கர்கள் பத்துப் பேர் கைதானார்கள். அந்தப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள்.

படம் எடுப்பது பற்றி நார்வே மாணவர்களின் சாய் (SAIH) என்ற அமைப்பு 2017ல் ஒரு கையேடு போட்டது, தேடிப் படியுங்கள். என் அளவுகோல் இன்னும் எளிது. உங்கள் ஊர்ப் பள்ளிக்குள் புகுந்து யாரென்றே தெரியாத பிள்ளைகளைப் படம் எடுத்துப் பொதுவில் போட உங்களை விடுவார்களா?

இதையெல்லாம் விசாரித்துச் சரி என்று பட்டால், அங்கே போய் வந்த இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள், நிறுவனம் பொறுக்கிக் கொடுத்தவர்களை விட்டு நீங்களே தேடிப் பிடித்தவர்களிடம். எப்படி இருந்தது என்று கேட்டால் ‘அருமை’ என்றுதான் சொல்வார்கள். ஒரு சாதாரணப் புதன்கிழமை பதினொரு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள். பெண்களாக இருந்தால் தங்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருந்ததா, புகார் என்றால் யாரிடம் சொன்னார்கள், சொன்னதும் என்ன நடந்தது என்பதையும் கேட்டுவிடுங்கள். கல்லூரியில் வருகைப்பதிவும் தேர்வுத் தேதியும் உங்களுக்காகக் காத்திருக்காது, துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள். காவல்துறைச் சான்றிதழுக்கும் தடுப்பூசிக்கும்தான் அதிக நாள் பிடிக்கும், அதனால் அந்த இரண்டிலிருந்து தொடங்குங்கள்.

எனக்கு வந்த விண்ணப்பங்களில் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். கணக்கியல் படிக்கும் மாணவர், நாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் இருப்புப் பதிவேடு இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறதா, அதை யார் பார்க்கிறார், அவருக்கு எக்செல் தெரியுமா, நான் கிளம்பிய பிறகு சந்தேகம் வந்தால் எந்த நேரத்தில் என்னை அழைக்கலாம் என்று நான்கு கேள்வி மட்டும். அவரை எடுத்தோம். இதற்கு நேர்மாறாக, ஒரு பள்ளிக்கு எந்தக் காலத்திலோ வந்த ஒரு தன்னார்வலர் ராப்பகலாக உட்கார்ந்து அழகான இணையதளம் ஒன்று செய்துகொடுத்தார், கடவுச்சொல் அவர் மின்னஞ்சலில் மட்டுமே இருந்தது, அவரோடு தொடர்பும் விட்டுப்போனது. அதில் இன்றைக்கும் பழைய தலைமையாசிரியரின் பெயரும் வேலை செய்யாத ஃபோன் நம்பரும் இருக்கின்றன, மாற்ற முடியவில்லை. எங்கே போனாலும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே எல்லாவற்றையும் எழுதி, அடுத்து பார்க்கப்போகிறவரை உட்காரவைத்து ஒருமுறை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடவுச்சொற்களைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.